ஹெரால்டின் முன் சக்கரம்

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் டிரையம்ப் ஹெரால்டு அறிமுகமானது. பிரித்துப் போட்டிருந்த பாகங்களைப் பார்வையாளர்கள் கண்ணெதிரே சில நிமிடங்களில் முழுக் காராகப் பூட்டிக் காட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. பாடி செய்து தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டி நிறுவனமான பிஎம்சியின் கைக்குப் போய்விட, தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் பூட்டும் காரையே ஸ்டாண்டர்டு-டிரையம்ப் செய்யவேண்டியதாயிற்று.

வீட்டு வாசலில் ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு அது வரமாக அமைந்தது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்னோக்கிச் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து, சஸ்பென்ஷன் முழுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

1961இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரிக்கத் தொடங்கியது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்தக் காருக்குக் குறுகலான தெரு ஒரு பொருட்டே இல்லை.

அப்படித் திரும்ப வைப்பதில் டிரனியன் என்ற பாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை டிரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சற்றே ஏறி இறங்கும். இடது பக்க மரை ஒரு திசை, வலது பக்கம் எதிர்த்திசை. லோட்டஸ் எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது.

அந்த மரைக்குத் தேவை கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். எண்ணெய் புகுத்தும் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடிக்கத் தோன்றும். கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் முழுதாகப் போய்ச் சேராது. தண்ணீர் புகும், எஃகு துருவேறும், தண்டு ஒருநாள் முறியும். சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஆனாலும் இது நல்ல வடிவமைப்பு என்றே சொல்லவேண்டும். ஒழுங்காக எண்ணெய் விட்டவர்களை அது கைவிடவில்லை.

வீட்டில் இந்த முன் சஸ்பென்ஷனைப் புதுப்பிக்கிறவர் காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுவார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகவே வெளியே வந்துவிடும். ஆனால் ஸ்பிரிங்கைக் கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. தண்டைத் துடைத்து மரையை விரலால் தடவினால் குழி விழுந்த இடம் தட்டுப்படும். அப்படியானால் தண்டையே மாற்றவேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாகத்தான் பூட்டுவார்; காரைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே முழுதாக இறுக்குவார். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.

பிறகு டிரனியனின் சிறு திருகைக் கழற்றி, நிப்பிளைப் பூட்டி, ஆயில் கன்னை அழுத்துவார், மேல் விளிம்பில் எண்ணெய் கசிந்து வரும் வரை.