மீண்டவரும் மீண்டு வருபவரும்

குடிநோயினின்று மீண்ட ஒருவர், அந்நோயால் வருந்தும் பிறருக்கு ஆலோசகராக இருக்கத் தகுமா? இக்கேள்விக்கு ஓர் அரசாங்கம் தன் உத்தியோகப் பட்டியலிலேயே விடை எழுதிய வரலாற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மினசோட்டா ராஜ்யம். அங்கே வில்மார் என்னும் ஊரில் 1912-இல் குடிநோயாளிகளுக்கென்று ஓர் அரசாங்க மருத்துவமனை தோன்றிற்று. நாளடைவில் மனநோயாளிகளும் அதில் சேர்க்கப்பட்டனர். இரு சாராரும் பூட்டிய கதவுகளுக்குள் வைக்கப்பட்டனர். 1950-இல் டாக்டர் நெல்சன் பிராட்லி அதன் தலைமையை ஏற்றார். டானியல் ஆண்டர்சன் என்னும் மனோதத்துவ அறிஞர் அவருக்குத் துணை நின்றார். குடிநோயாளிகளைத் தனியே பிரித்து, அவர்கள் பகுதியின் பூட்டுக்களைத் திறந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததைக் காட்டிலும், அதன் பின் அவர்கள் செய்ததே துணிவான காரியம் என்பது என் கருத்து. 1935-இல் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பிலிருந்து பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம். அதன் வழியே குடியை விட்டவர்களைச் சம்பளத்திற்கு ஆலோசகர்களாக அமர்த்த வேண்டும் என்றார் பிராட்லி. படித்துப் பட்டம் பெற்ற மருத்துவ ஊழியர்களுக்கு இது எளிதில் ஏற்குமா? சங்கத்தின் மரபும் ஒரு தடையாய் நின்றது. குடியரைத் தேற்றும் தொண்டுக்குக் கூலி பெறலாகாது என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் 1954-இல் மினசோட்டா அரசு அத்தகைய ஆலோசகர் பதவியைத் தன் பணியமைப்பில் ஏற்படுத்திற்று. இதற்கு முன்னோடியே இல்லை என்பதற்கில்லை. பாஸ்டனில் எல்வுட் உவொர்ஸ்டர் என்ற பாதிரியார் 1906-இல் தொடங்கிய இயக்கத்தில், அங்கே குணம் பெற்ற கோர்ட்டனே பெய்லர் என்பவரே பின்னர் பிறரைத் தேற்றும் பணியில் அமர்ந்தார். எனினும் அது ஒரு தேவாலயத்தின் முயற்சி. இதுவோ அரசாங்கச் சம்பளம்.

இனி, மீட்சி என்பது யாது? மருத்துவருக்கு அது நோயாளி குடியாமல் வீடு திரும்புவது. முன்னாள் குடியருக்கோ, அன்றுதான் வேலை தொடங்குகிறது: பொய்யை விடவேண்டும், தீங்கு செய்தவர்களிடம் சென்று ஈடு செய்யவேண்டும். சங்கம் 1939-இல் வெளியிட்ட நூலின் முகப்பு, மீண்டவர்கள் என்றே அவர்களைக் குறித்தது. பிற்காலத்தில் உறுப்பினர் பலர் தம்மை மீண்டு வருபவர் என்று சொல்லிக்கொள்ளலாயினர். சொல் மாறியது சிறு செய்தியன்று. முன்னதில் நோய் முடிந்தது. பின்னதில் நாள்தோறும் காவல் வேண்டும்.

பயிற்சிக்கு வருவோர் இவ்விரண்டினிடையே தடுமாறுவது இயல்பு. ஏட்டறிவு மட்டும் உடையவர், குடியாத நாட்களை எண்ணிவிட்டுத் திருப்தி அடையக்கூடும். தாமே மீண்டவரோ, தாம் வந்த வழி ஒன்றே வழி எனச் சாதிக்கக்கூடும். இதுவே அதிகம் கவனிக்கத்தக்க ஆபத்து என்பேன். வில்மாரில் மருத்துவரும், மனோதத்துவ நிபுணரும், சமயகுருவும், ஆலோசகரும் சேர்ந்தே ஒரு நோயாளியைப் பற்றி ஆராய்ந்தமையால், ஒருவர் குறையை மற்றவர் கண்டுகொள்ள முடிந்தது. 1949-இல் தோன்றிய ஹேசல்டன் என்னும் நிலையத்தின் தலைமைக்கு ஆண்டர்சன் 1961-இல் சென்றபோது, இம்முறையையும் உடன் கொண்டு சென்றார். பின்னர் ஆலோசகர்களைப் பயிற்றும் இடமாகவும் அந்நிலையம் வளர்ந்தது.