ஸ்வீட் பெட்டி மேல இருக்கற படம்

தீபாவளி ஸ்வீட் பெட்டி மேல அச்சடிச்ச குத்துவிளக்கு, தாமரை, மத்தாப்பு பிடிச்ச பாவாடைச் சட்டைப் பொண்ணு... இதுக்கெல்லாம் பூர்வீகம் பலகாரக் கடை இல்லீங்க. தீப்பெட்டி!

கதை 1922-ல் ஆரம்பிக்குது. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு கிராஸுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்ட வருஷம். (கிராஸ்னா 144 பெட்டி.) சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு, அடுத்த வருஷம் ஊர்ல ஆரம்பிச்சாங்க. பின்னாடி தனித்தனியா பிரிஞ்சப்ப ஒருத்தருக்கு அணில் மார்க், இன்னொருத்தருக்கு காக்கா மார்க்.

அதென்ன அணில், காக்கா? 1931 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 10 சதவீதம்கூட இல்லை. கடையில போய் "அணில் குடுங்க"ன்னு கேக்கணும்னா படம்தான் பேர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள் வேணும். அப்படித்தான் சிவகாசிக்கு அச்சகம் வந்து சேர்ந்தது. லித்தோன்னா கல் அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், அதில் படத்தை இடவலம் மாத்தி வரையணும். போட்டோஷாப்ல ஒரு க்ளிக்ல ஃப்ளிப் பண்ற நமக்கு அது எவ்வளவு பெண்டு நிமித்துற வேலைன்னு புரியவே புரியாது.

தீப்பெட்டிக்கு வந்த அச்சு பட்டாசுக்குப் போச்சு, காலண்டருக்குப் போச்சு, கடைசியில அட்டைப் பெட்டிக்கும் வந்தது. பட்டாசு லேபிள் லட்சுமியும் ஸ்வீட் பெட்டி லட்சுமியும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கறது அதனாலதான். அந்த முகத்தோட ஜாடையில் கோவில்பட்டி கொண்டையராஜுவுக்கு (1898-1976) பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன். நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்சவர். அந்த மேடை வெளிச்சம் அவர் காலண்டர் சாமிகள் மேலயும் விழுந்திருக்கும்.

இப்போ பெட்டியெல்லாம் மெரூன் கலர், தங்க ஃபாயில், நடுவுல கடைப் பேரு மட்டும். 'டீசன்ட்'டாம்! எங்க முதலிபாளையம் சிட்கோ பக்கம் பனியன் கம்பெனிகள்ல போனஸோட கொடுக்கறதும் இதேதான். வாங்கற கைகள்ல பாதி ஒடிசா, பீகார்க்காரங்களோடது. பெட்டி மேல இருக்கற தமிழும் புரியாது, இங்கிலீஷும் பலருக்குப் புரியாது. அணிலும் காக்காவும் தேவைப்பட்ட அதே நிலைமை திரும்பி வந்திருக்கு. படத்தைத்தான் தூக்கிட்டோம்.

இன்னொரு வருத்தம். கொண்டையராஜு காலண்டர்ல கையெழுத்துப் போட்டார், அதனால பேர் நிக்குது. லேபிளும் பெட்டியும் வரைஞ்சவங்களுக்கு அதுவும் இல்லை. அச்சகத்தோட பேரு மட்டும் ஓரத்துல, பொடி எழுத்துல.