நெஞ்செரிவு: பெயரும் காரணமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 பெருவீதியில் பலாபத்வலவைக் கடப்போர் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பலவற்றைக் காண்பர். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் முதலியன அங்கே உணவுக்குச் சுவையூட்டுவனவாக மட்டுமன்றி மருந்துச் சரக்குகளாகவும் போற்றப்படுகின்றன. உண்டபின் நெஞ்செரிகின்றது என்பார்க்கு இத்தகைய காரப்பொருள்களே நோய்க்குக் காரணம் என்பர் ஒருசாரார். இவற்றுள் மருந்தும் உண்டென்பர் மறுசாரார். உண்மை யாதென ஆராயப் புகின், இந்நோயை மாந்தர் அறிந்துகொண்ட வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகின்றது. தமிழில் 'நெஞ்சு' என்பது மார்பையும் குறிக்கும்; மனத்தையும் குறிக்கும். கிரேக்கர் இதயத்துக்குரிய 'கார்டியா' என்னும் சொல்லையே இரைப்பையின் மேல்வாய்க்கும் வழங்கினர். ஆங்கிலேயரும் இதயத்தின் எரிவு எனப் பொருள்படவே பெயரிட்டனர். ஆயினும் எரிவது இதயமன்று. அதன் பின்புறமாக இறங்கிச் செல்லும் களம் என்னும் உணவுக்குழாயேயாகும்.

நம் முன்னோர் இந்நோயின் குறிகளை நன்கு கண்டிருந்தனர். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், முன்னர் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுமாறு வற்புறுத்துகின்றது. கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் மாதவநிதானம் அம்லபித்தத்துக்குத் தனி அத்தியாயம் வகுத்து, புளித்த ஏப்பத்தையும் நெஞ்சிலும் தொண்டையிலும் எழும் எரிவையும் கூறுகின்றது. அந்நோயை மேல்நோக்கிச் செல்வது, கீழ்நோக்கிச் செல்வது என இருவகைப்படுத்தியமை அந்நூலாரின் நுண்ணிய நோக்குக்குச் சான்றாகும். சித்த மருத்துவர் குன்மத்தை எட்டாகப் பகுத்து, எரிகுன்மத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். எனினும், உடலின் உள்ளே நிகழ்வதை நேரிற் காணும் வழி அக்காலத்தில் இருந்ததில்லை.

நிற்க. மேல்நாட்டில் வில்லியம் புரௌட் என்னும் ஆங்கில மருத்துவர், இரைப்பைச் சாற்றிலுள்ளது ஐதரோகுளோரிக் அமிலமே என 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு ஈராண்டு முன்னர், அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்பான் துப்பாக்கிக் குண்டால் காயமுற்றான். புண் ஆறியபோதும் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவில்லை. அத்துளையின் வழியே சமிபாட்டைக் கண்டாராய்ந்த படை மருத்துவர் வில்லியம் போமன்ட், தம் ஆய்வுகளை 1833இல் நூலாக்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பின்னர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழாக்கினார். இவ்வாறு புதிய உடலியல் அறிவு நம் மொழியிலும் இடம்பெற்றது.

ஆயினும், இரைப்பைக்குரிய அமிலம் நெஞ்சை எரிப்பது எங்ஙனம் என்பது நெடுநாள் தெளிவுறவில்லை. அமிலச்சாறு மேலேறிக் களத்தின் உட்சுவரைப் புண்ணாக்குவதை நியூயோர்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்ரைன் 1935இல் எடுத்துக்காட்டினார். லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிலிப் அலிசன் 1951இல், பிரிமென்றகட்டின் துவாரத்தினூடே இரைப்பையின் மேற்பகுதி மார்பறைக்குள் நழுவுதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கினார். இவற்றால் விளங்கும் உண்மை ஒன்றுண்டு. இரைப்பையில் அமிலம் இருத்தல் இயல்பே. அது சமிபாட்டுக்கு உதவுகின்றது, கிருமிகளையும் அழிக்கின்றது. பெரும்பாலும் குற்றம் அமிலத்திலன்று, வாயிலிலேயே உள்ளது. களத்தின் அடியிலுள்ள வளையத் தசை வேண்டாத வேளையில் தளர்வதனாலேயே அமிலம் மேலேறுகின்றது.

இவ்வுண்மை மருந்தின் எல்லையையும் காட்டுகின்றது. ஜேம்ஸ் பிளாக் குழுவினர் கண்ட சிமெற்றிடின் 1976இலும், ஒமெப்பிரசோல் 1988இலும் வழக்கிற்கு வந்தன. புண்ணை ஆற்றுவதில் இவை பெரும்பயன் தருவன. ஆனால் இவை அமிலத்தைக் குறைப்பனவேயன்றி வாயிலைச் செப்பனிடுவன அல்ல. ஆதலின் வாழ்க்கை ஒழுங்கும் உடன் வேண்டப்படுகின்றது. வயிறு புடைக்க உண்ணாமை, உண்டபின் மூன்று மணி நேரமாவது படுக்காமை, கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துதல், இடப்பக்கமாகப் படுத்தல், மிகை எடையைக் குறைத்தல், புகைத்தலை ஒழித்தல் ஆகியன அவ்வொழுங்காம். கொழுப்புணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். புகையிலை வளையத் தசையைத் தளர்த்தும். மிளகும் மிளகாயும் எல்லோர்க்கும் ஒருபடித்தாகத் தீங்கு செய்வனவல்ல. தம் உடலுக்கு ஒவ்வாததை அவரவரே கண்டு விலக்குதல் தகும்.

இறுதியாக, பெயர்க்குழப்பம் உயிர்க்கே கேடாதல் கூடும். நெஞ்சில் எத்தகைய நோவு எழுந்தாலும் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்றோ 'வாயு' என்றோ கூறி, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நெஞ்சை அழுத்தும் நோவு, கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் குறிகளாகலாம். அந்நிலையில் 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்சை அழைத்தல் வேண்டும். ஒரு கணமும் தாழ்த்தலாகாது. விழுங்குதற்கு இடர், காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கருமலம் என்பன தோன்றினும் மருத்துவரை நாடுதல் கடன். குறிகளைக் கூர்ந்து நோக்கினர் முன்னோர். காரணத்தைக் கண்டனர் பின்னோர். இவ்விரண்டையும் அறிந்த நாம், பெயரால் மயங்கி உயிரிழத்தல் தகுமோ?