காருக்குக் கட்டிய அறை

ஜெர்மனியில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் கராஜைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பழைய சைக்கிளும் அரிசி மூட்டையும் கிடக்கிற இடம். ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு அறையாக்கினால் என்ன? சுவரும் நம்முடையது, கூரையும் நம்முடையது. ஆனால் கார் நின்ற இடத்தில் மனிதர் குடியேறினால், ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், அது 'நுட்சுங்ஸ் எண்டருங்', அதாவது பயன்பாட்டு மாற்றம். அனுமதி வாங்கியாக வேண்டும். பல ஊர்களில் அந்த அனுமதிக்கு, கார் இனி எங்கே நிற்கும் என்றும் காட்ட வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1939 பிப்ரவரி 17 அன்று நாஜி அரசு 'ரைக்ஸ்கராஜன் ஓர்ட்னுங்' என்ற கராஜ் ஆணையைப் பிறப்பித்தது. வீடு கட்டுபவர், குடியிருப்பவர்களிடம் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமல்ல, இனி வரக்கூடிய வண்டிகளுக்கும் தன் மனையிலேயே இடம் ஒதுக்க வேண்டும். வரக்கூடிய வண்டி என்பதுதான் வேடிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் ஃபோக்ஸ்வாகன் ஆலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டியிருந்தார். 990 மார்க் விலை. வாரம் 5 மார்க் தபால்தலை போன்ற வில்லை வாங்கி அட்டையில் ஒட்டிச் சேமிக்கலாம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டினார்கள். போர் வந்தது, ஆலை ராணுவ வண்டி செய்தது. சேமித்தவர்களில் ஒருவருக்குக்கூட அத்திட்டத்தில் கார் கிடைக்கவில்லை.

கார் வராமல் போனாலும் ஆணை போகவில்லை. போருக்குப் பின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அகதிகள் கூரை தேடி அலைந்த நாட்டில் அது உயிரோடு இருந்தது. 1960களில் மேற்கு ஜெர்மன் மாநிலங்கள் தத்தம் கட்டடச் சட்டங்களை எழுதியபோது, நாஜிச் சொற்கள் உதிர்ந்தன; கடமை தங்கிவிட்டது. கார் பெருகிய காலம் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை போலும்.

குடியிருப்புகளுக்கான இந்தக் கடமையைப் பெர்லின் 1997இலும் ஹாம்பர்க் 2014இலும் கைவிட்டன. அங்கேயும் அம்மாவின் அறை எளிதாகிவிடவில்லை. பக்கத்து மனையின் எல்லையை ஒட்டி, பொதுவாக 3 மீட்டர் உயரம், 9 மீட்டர் நீளம் வரை கட்ட கராஜுக்குத் தனிச்சலுகை உண்டு. மனிதர் வசிக்கும் அறைக்கு அது கிடையாது. எல்லையிலிருந்து விலகி நிற்க வேண்டும். கட்டிய சுவரை நகர்த்த முடியுமா?