சுற்றுலா வரைபடத்தில் இல்லாத நீலகிரி: பஜார்களிலிருந்து நகரங்கள் வளர்ந்த வரலாறு

கரீபியன் நாடான டொமினிகன் குடியரசுக்குப் போகிறவர்களில் பலர் புன்டா கானா கடற்கரை விடுதிகளோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் அமைத்து இன்றுவரை மக்கள் வாழும் மிகப் பழைய நகரமான சாண்டோ டொமிங்கோ அவர்கள் பயணத்தில் இடம்பெறுவதில்லை. நீலகிரியிலும் இதே நிலைதான். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா என்று இரண்டு நாளில் பார்த்து முடிக்கிற மலை ஒன்று. சந்தை, தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், ஏல மையம், தாயகம் திரும்பியோர் குடியிருப்பு என்று இருநூறு ஆண்டுகளாக வளர்ந்துவந்த நகரங்களின் மலை இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது மலையைப் பற்றியது.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822இல் ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீட்டைக் கட்டத் தொடங்கினார். படகர்கள் கல் பங்களா என்றழைத்த அந்த வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஏரி வெட்டப்பட்டது. 1830இல் புனித ஸ்டீபன் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1840களில் கிளப், 1859இல் நீலகிரி நூலகம் என்று மேட்டு நிலமெல்லாம் துரைமார் வசமானது.

துரைமார் வசதியாக வாழ ஆள்பலம் வேண்டியிருந்தது. சமையல்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், ரொட்டி சுடுபவர், தானிய வியாபாரி, சுமை தூக்குவோர் எனச் சமவெளியிலிருந்தும் மைசூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள் பள்ளத்தில் குடியேறினார்கள். மெயின் பஜாரும் காந்தலும் நெருக்கமாக வளர்ந்தன. மலைவாசத் தலங்களைப் பற்றி 1996இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் டேன் கென்னடி, வெள்ளையர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட இந்த ஊர்களில் உண்மையில் இந்தியர்களே மிகுதியாக வாழ்ந்தார்கள் என்று காட்டினார். ஊட்டிக்கு அது முழுக்கப் பொருந்தும். என் கருத்தில், 1866இல் நகராட்சி அமைய நேர்ந்ததற்கும் மேட்டு பங்களாக்களைவிடப் பள்ளத்து பஜாரே முக்கியக் காரணம். தண்ணீர், கழிவு, இறைச்சிக் கடை, சந்தை என ஒரு நகராட்சி கவலைப்பட வேண்டியவை எல்லாம் அங்கேதான் இருந்தன.

மேடும் பள்ளமும் ஏரியில் சந்திக்கின்றன. நகரத்தின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக நெடுங்காலமாக ஏரியில் கலந்துவந்திருக்கிறது. ஏரியும் சுருங்கியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் இடங்கள் ஒருகாலத்தில் ஏரியாக இருந்தவை. படகில் போகிறவர் ஏரியை இயற்கைக் காட்சியாகப் பார்க்கிறார். நகர வரலாற்றைத் தேடுகிறவருக்கோ, குடியிருப்புக்கு இடமளித்து வடிகாலுக்கு இடம் விடாத திட்டமிடலின் ஆவணம் அது.

குன்னூர் வேறு வகையில் வளர்ந்தது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் இங்கே வந்து சேர்ந்தது. ஊட்டிக்குப் பாதை நீள்வதற்கு 1908 வரை ஆனது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ரயில் வந்து நிற்கும் கடைசி ஊர் குன்னூர்தான். பக்கத்தில் வெலிங்டன் படைமுகாம் முன்பே இருந்தது, அருவங்காட்டில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. சம்பளமும் ஷிப்டும் உள்ள தொழிலாளர் குடும்பங்கள் இந்த மலையில் பெருமளவில் உருவானது இதன் பிறகுதான்.

1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தேடித் தென்னிந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் குன்னூருக்கு வந்தார்கள். அந்த வளாகத்தில்தான் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தம் உணவாய்வுகளை நடத்தினார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என வடமேற்குப் பகுதியின் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட உணவை உண்டவை மெலிந்து, நோயில் வீழ்ந்தன. ஏழைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை அறிவியலின் கேள்வியாக்கியதில் குன்னூர்க் கூண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சிம்ஸ் பூங்காவுக்கு வருகிற பயணி அதன் எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தைக் கவனிக்காமல் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1963இல் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியபின் ஊரின் நாடித்துடிப்பு ஏல விலையோடு இணைந்துவிட்டது. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தாலும் படகர் ஹட்டிகளில், அதாவது அவர்களின் ஊர்களில், கல்யாணம் தள்ளிப்போகும், பஜாரில் துணிக்கடை காற்றாடும். காய்கறிக்கும் இப்படியொரு சங்கிலி உண்டு. கேத்தி பாலாடாவில் பறித்த கேரட் இயந்திரத்தில் உருண்டு, மண் நீங்கி, ஆரஞ்சு நிறம் பளபளக்க மூட்டைகளில் ஏறும். பின்பு லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். மலை நகரங்களை வாழவைப்பவை இந்த வண்டிகளும்தான். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தபோது விவாதமெல்லாம் சுற்றுலா வாகனங்களைச் சுற்றியே நடந்தது. இறங்கிப் போகும் லாரிகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

விடுதலைக்குப் பிந்தைய மாற்றங்களில் மிகப் பெரியது 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பின்னர் டான்டீ நிறுவனமாயின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் புதிய ஊர்கள் எழுந்தன. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கிள்ளிய கைகள் இங்கேயும் அதே வேலையைத் தொடர்ந்தன. தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கூலிக்குப் போனார்கள், காய்கறி பயிரிட்டார்கள், பஜாரில் சிறு கடை வைத்தார்கள். இன்றைய நீலகிரியை இவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் சுற்றுலாக் கையேடுகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

ஊட்டியின் இந்து நகரும் இந்தக் காலத்துப் பிள்ளைதான். 1960இல் நிறுவப்பட்டு அங்கே இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், நாட்டின் எக்ஸ்ரே படங்களுக்கும் சினிமாவுக்கும் பிலிம் சுருள் செய்தது. டிஜிட்டல் வந்தபின் அது நலிந்து மூடப்பட்டது.

கூடலூரின் கதை இன்னும் சிக்கலானது. மலபாரோடு இருந்த தென்கிழக்கு வயநாடு 1877இல் நீலகிரியோடு சேர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் தேடி லண்டன் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. பங்குகள் பறந்தன, தங்கம் போதவில்லை, சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கியது. பிறகு தேயிலை வந்தது, கேரளத்திலிருந்து விவசாயிகள் வந்தார்கள், தாயகம் திரும்பியோர் வந்தார்கள். பனியர்களும் குறும்பர்களும் அதற்கெல்லாம் முன்பே அங்கிருந்தவர்கள். நிலம் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜென்மமாக, அதாவது பரம்பரை நிலவுடைமையாக இருந்தது. 1969இன் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் அந்த உரிமையை முடித்துவைத்தது. ஆனாலும் அதன் 17ஆம் பிரிவின்கீழ் வரும் நிலங்களில் வாழும் ஆயிரக்கணக்கானோருக்குப் பட்டா கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், அங்கே வீடு கட்டிப் பிள்ளை வளர்த்தவர்களில் பலர் மின் இணைப்புக்காக இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.