தேக்காவுக்கு முன்பே: முன்னோர் நடந்த தெருக்கள்

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் முதலில் குடியேறிய இடம் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் தேக்கா என்றே சொல்வார்கள். பெருநாள் துணிமணிக்கும் கறிச்சாமானுக்கும் நாம் அவர்களை அங்கேதானே அழைத்துச் செல்கிறோம்! ஆனால் நம் முன்னோர் முதலில் காலூன்றியது சிங்கப்பூர் ஆற்றின் கரையிலும் தெலுக் ஆயர் கடலோரத்திலும்தான்.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து மலாய் நாட்டோடு கடல் வணிகம் செய்தவர்கள் நம்மவர்கள். சூலியா என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். 1819இல் ஆங்கிலேயர் இங்கே வணிகத்தலம் அமைத்ததும் அவர்களும் வந்தனர். 1822இல் ராஃபிள்ஸ் வகுக்கச் செய்த நகரத் திட்டம், சூலியாக்களுக்கு ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கம்பத்தை ஒதுக்கியது. அவர்களோ படகும் சரக்கும் இருந்த முகத்துவாரப் பக்கமே வேலை செய்தனர். அருகிலேயே பள்ளிவாசல்களையும் எழுப்பினர்.

இன்று வங்கிகளின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் சூலியா தெரு அதற்குச் சாட்சி. முன்பு அதன் பெயர் கிளிங் தெரு. அந்தச் சொல் இந்தியர்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்ததால், 1920களின் தொடக்கத்தில் நகராட்சி பெயரை மாற்றியது. ஒரு பெயர்ப்பலகையில் நம் சமூகத்தின் மானமும் அடங்கியிருக்கிறது.

சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், அன்சார் சாஹிப் தலைமையில் 1826இல் நிறுவப்பட்டது. நம் பெரியவர்களுக்கு அது 'பெரிய பள்ளி'. பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்ற பெயர் வந்ததும் இப்பள்ளியால்தான். தெலுக் ஆயர் தெருவில் 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல்அப்ரார் பள்ளிவாசலுக்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. கடல் தூர்க்கப்படுவதற்கு முன் அந்தத் தெருவே கரையாக இருந்தது. பாய்மரக் கப்பலில் பல நாள் பயணம் செய்து இறங்கியவர்கள், கரையேறியதும் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார்கள். இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

பின்னர் கடையநல்லூர், தென்காசி மக்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பங்களாக வாழ்ந்தனர். மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்த பெண்களும் அவர்களில் இருந்தனர். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982இல் அப்பள்ளி மூடப்பட்டாலும், சீறாப்புராணம் தந்த புலவரின் பெயர் இன்று பீட்டி சாலைத் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது.

தேக்காவுக்கும் நம் வரலாற்றில் உரிய இடம் உண்டு. டன்லப் தெருவில் 1907இல் கட்டத் தொடங்கிய அப்துல் கஃபூர் பள்ளிவாசல், அதற்கு முன்பே அங்கிருந்த ஒரு பழைய பள்ளியின் தொடர்ச்சி. தென்னிந்திய வணிகர்களும், அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலை செய்தவர்களும் அந்தப் பழைய பள்ளியில் தொழுதனர். இன்றைய பள்ளியின் வாசலுக்கு மேலே, சூரியக் கதிர்கள் போன்ற அமைப்பில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இதுவும் 1979இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று.

பள்ளிவாசல்களைச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் அவற்றைச் சுற்றி நம் பாட்டன்மார் வைத்திருந்த பெட்டிக்கடைகளையும், பலர் சேர்ந்து தங்கிய கடைவீட்டு மாடி வாழ்க்கையையும் எந்தச் சட்டத்தாலும் பாதுகாக்க முடியாது. வீவக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் தீவெங்கும் பரவிவிட்டன. அந்தத் தெருக்களை அறிந்த பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே, பொன்விழா காணும் இவ்வேளையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரையும், கடையின் கதவிலக்கத்தையும், உடன் தங்கியவர்களின் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தெலுக் ஆயர் தெருவுக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். நம் சங்கம் நூற்றாண்டு காணும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த மலரை எழுதப்போகிறவர்கள் அவர்களே.