பள்ளி நூலகம்

பள்ளி நூலகம் என்பது மாணவர்களும் ஆசிரியர்களும் பாடத்துக்குத் துணையாகவும் பொது வாசிப்புக்காகவும் பயன்படுத்தும் நூல் தொகுப்பு. தமிழக உயர்நிலைப் பள்ளிகளில் இது தனி அறையாகவோ, ஆசிரியர் ஒருவர் பொறுப்பிலுள்ள சில அலமாரிகளாகவோ இருக்கும்.

வளங்கள்: அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், நிலவரைபடங்கள், கதை, கவிதை, வாழ்க்கை வரலாறு, அறிவியல் நூல்கள், நாளிதழ்கள், சிறுவர் இதழ்கள். வசதியுள்ள பள்ளிகளில் கணினியும் உண்டு.

ஒழுங்கமைப்பு: ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் பெறும், முத்திரை இடப்படும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்பது எண். நூலின் முதுகில் ஒட்டிய சீட்டில் இவ்வெண்ணைக் காணலாம்.

செயல்பாடுகள்: நூலகப் பாடவேளை, நூல் இரவல், வாசிப்பு வட்டம், நூல் அறிமுகம், வினாடி வினா, கதை சொல்லல், புத்தகக் கண்காட்சி.

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றுள் முதல் விதி. பூட்டிய அலமாரி நூலகமாகாது என்பதே அதன் பொருள். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.